கடன் தீர்ந்தது; வில்லங்கம் தீர்ந்ததா?



நம்மில் ஒருவர் புரோநோட்டின் பேரில் பணம் வாங்கியிருந்தால், திருப்பிக் கொடுக்கும் நாளில் என்ன செய்கிறார்? பணத்தை எண்ணி வைத்த கையோடு நோட்டைக் கேட்டு வாங்குகிறார். எதிரிலேயே கிழித்துப் போடுகிறார். "நோட்டு வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் கொடுத்தனுப்புகிறேன்" என்று கடன் கொடுத்தவர் சொன்னால், "அப்படியானால் பணமும் நாளைக்கே வரட்டும்" என்று எழுந்துவிடுகிறார். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பெரியவர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது.

அதே மனிதர் லட்சக்கணக்கில் கடன் வாங்கிச் சரக்கு வண்டி எடுக்கிறார். மூன்று வருடம் ஒரு தவணை தவறாமல் கட்டுகிறார். கடைசித் தவணை கட்டிய அன்று ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்து வேலையைப் பார்க்கிறார். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் அப்படியே நிற்கிறது. அதாவது, பணத்தைக் கொடுத்துவிட்டார், நோட்டை வாங்கவில்லை.

நானும் அப்படிக் கடைக்கு வந்தவன்தான். அதனால் பட்ட பாட்டையும், அதற்குப் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் நம் உறுப்பினர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் சொந்த அனுபவம்

நான் பருப்பு, வற்றல் மொத்த வியாபாரம் செய்பவன். 2007-ஆம் வருடம் உள்ளூர்க் கடைகளுக்குச் சரக்கு போடுவதற்காக ஒரு 'குட்டி யானை' வாங்கினேன். எங்கள் ஊரில் நான்கு பங்குதாரர்கள் சேர்ந்து நடத்திய ஒரு ஃபைனான்ஸில் கடன். மொத்தம் 36 தவணை. 2010-இல் கட்டி முடித்தேன். கடைசி ரசீதைக் கொடுத்த கணக்குப்பிள்ளை, "ஃபாரத்தை எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணாச்சி, எங்கே போகப் போகிறோம்?" என்றார். எனக்கும் அவசரம் இல்லை.

வண்டி சிறியது, மொத்த எடை 3,000 கிலோவுக்குள். அதனால் பர்மிட் தேவையில்லை. பர்மிட் புதுப்பிக்கப் போய், அங்கே யாரும் கேட்டு, விஷயம் வெளியே வரும் வாய்ப்பும் இல்லை. எஃப்.சி. உரிய காலத்தில் நடந்தது. இன்சூரன்ஸ் ஏஜெண்டு பழைய பாலிசியைப் பார்த்து அப்படியே புதுப்பித்ததால் அதிலும் ஃபைனான்ஸ் பெயர் தொடர்ந்து வந்தது. ஏழு வருடம் நான் கவனிக்கவே இல்லை.

2017-இல் வண்டியை விற்க முடிவு செய்தேன். காய்கறி வியாபாரி ஒருவர் 1,15,000 ரூபாய்க்குப் பேசி 10,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தார். பெயர் மாற்றத்துக்குப் போனபோதுதான், "ஹெச்.பி. நிற்கிறதே, கம்பெனியிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள்" என்றார்கள். கம்பெனியைத் தேடிப் போனேன். அந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. ஃபைனான்ஸை மூடி நான்கு வருடம் ஆகியிருந்தது. பங்குதாரர்களில் மூத்தவர் காலமாகிவிட்டார். இருவர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. மிஞ்சிய ஒருவர் திருப்பூரில் மகன் வீட்டில் இருப்பதாகத் தெரிந்து போய்ப் பார்த்தேன்.

அவருக்கு என்னை ஞாபகம் இருந்தது. ஆனால் மகன் கேட்டார்: "கணக்குப் புத்தகம் எதுவும் எங்களிடம் இல்லை. நீங்கள் முழுக்கக் கட்டிவிட்டீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? அப்பா கையெழுத்துப் போட்டபின் மற்றப் பங்குதாரர் வந்து கேட்டால் யார் பதில் சொல்வது?" அவர் கேட்டது நியாயம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். 36 ரசீதில் 29 தான் என்னிடம் இருந்தன. என்னைக் காப்பாற்றியது என் பேரேடு. ஒவ்வொரு தவணையும் தேதி, காசோலை எண்ணோடு பற்று எழுதியிருந்தது. விடுபட்ட ஏழு தவணைக்கு வங்கியில் பழைய கணக்கு விவரம் கேட்டு வாங்கிக் காட்டினேன். பிறகு பங்குதாரர் பத்திரத்தின் நகல், நிறுவனத்தின் முத்திரை என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்துப் படிவத்தில் கையெழுத்து வாங்கி முடிக்க ஐந்து மாதம் ஆயிற்று.

அதற்குள் காய்கறி வியாபாரி அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு வண்டி எடுத்துவிட்டார். என் வண்டி கடைசியில் 75,000 ரூபாய்க்குப் போயிற்று. நஷ்டம் 40,000 ரூபாய் என்று எழுதினேன். அலைந்ததற்குக் கணக்கு எழுதவில்லை.

இத்தனைக்கும் நான் ஒரு பைசா பாக்கி வைத்தவன் அல்ல. பாக்கி இல்லாதவனுக்கே இந்தக் கதி.

வண்டிக் கடனில் சொத்து யாருடையது?

நகையை அடகு வைத்தால் நகை கடன் கொடுத்தவரின் பெட்டிக்குள் போய்விடுகிறது. நிலத்தை அடமானம் வைத்தால் பத்திரம் அவரிடம் போகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிறது. வில்லங்கச் சான்று போட்டால் தெரிந்துவிடுகிறது. வண்டி இந்த இரண்டிலும் சேராது. வண்டி நம்மிடம் ஓட வேண்டும். ஓடினால்தான் தவணை கட்ட முடியும். ஆகவே பொருள் நம் கையில், உரிமையின் கடிவாளம் அவர் கையில் என்ற ஏற்பாடு வந்தது. அந்தக் கடிவாளம்தான் ஆர்.சி.யில் எழுதப்படும் பதிவு. நிலத்துக்கு வில்லங்கச் சான்று எப்படியோ, வண்டிக்கு ஆர்.சி. அப்படி.

இந்த ஏற்பாட்டில் மூன்று வகை உண்டு. நாம் பேச்சில் எல்லாவற்றையும் 'ஹெச்.பி.' என்றே சொல்கிறோம். சட்டத்தில் மூன்றும் வேறு வேறு.

முதலாவது ஹையர் பர்ச்சேஸ், அதாவது வாடகைக் கொள்முதல். இதில் கடைசித் தவணை முடியும் வரை ஒப்பந்தப்படி வண்டியின் சொந்தக்காரர் ஃபைனான்ஸ் கம்பெனிதான். நாம் வாடகைக்கு எடுத்தவர். கடைசியில் வாங்கிக்கொள்ளும் உரிமை உள்ளவர்.

இரண்டாவது ஹைப்பாதிகேஷன். இதில் சொந்தக்காரர் நாம். வண்டியின் மேல் கடன் கொடுத்தவருக்குப் பொறுப்புரிமை மட்டும் உண்டு. வங்கிகளும் பெரிய நிதி நிறுவனங்களும் இன்று கொடுக்கும் வண்டிக் கடன் பெரும்பாலும் இந்த வகைதான்.

மூன்றாவது லீஸ் என்னும் குத்தகை. இதில் வண்டி குத்தகை கொடுத்தவருடையது. காலம் முடிந்ததும் வண்டி தானாக நமக்குச் சொந்தமாகிவிடாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

வாடகைக் கொள்முதலுக்கென்று 1972-இல் தனிச் சட்டம் ஒன்று இயற்றினார்கள். அது நடைமுறைக்கு வராமலே கிடந்து 2005-இல் நீக்கப்பட்டது. ஆகவே நாம் கையெழுத்திடும் ஒப்பந்தமும் மோட்டார் வாகனச் சட்டமும்தான் நமக்கு முக்கியம். மூன்றில் எந்த வகை என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 51-ஆவது பிரிவு முழுக்க முழுக்க நம் விஷயம்தான். சாரத்தைச் சொல்கிறேன்.

கடனில் வாங்கிய வண்டியைப் பதிவு செய்யும்போது, இன்னாரிடம் ஒப்பந்தம் உள்ளது என்ற குறிப்பை ஆர்.சி.யில் எழுத வேண்டும். புது வண்டி பதிவுக்கான படிவம் 20-லேயே இதற்கு இடம் இருக்கிறது; அதில் ஃபைனான்ஸ்காரரும் கையெழுத்திடுவார். பதிவுக்குப் பிறகு வண்டியின் பேரில் கடன் வாங்கினால் படிவம் 34.

அந்தக் குறிப்பு இருக்கும் வரை, ஃபைனான்ஸ்காரரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் ஆர்.சி.யில் பெயர் மாற்றம் செய்யக்கூடாது. பர்மிட் புதுப்பிக்கவும், தொலைந்த ஆர்.சி.க்கு நகல் வாங்கவும், வேறு மாநிலத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்ப் புது எண் வாங்கவும் அவருடைய தடையில்லாச் சான்று வேண்டும்.

இந்த இடத்தில் நமக்குச் சாதகமான ஒரு வரியும் உண்டு. பலருக்கு இது தெரியாது. இப்படிப்பட்ட காரியங்களுக்குத் தடையில்லாச் சான்று கேட்டு நாம் விண்ணப்பம் கொடுத்தால், ஃபைனான்ஸ்காரர் ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஏன் மறுக்கிறார் என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் இருந்தால் சான்று கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே வாயால் கேட்டு அலையாமல், எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். பதிவுத் தபால் இன்னும் நல்லது. தேதி நிரூபணம் இருந்தால்தான் ஏழு நாள் கணக்கு நிற்கும்.

கடைசியாக, ஒப்பந்தம் முடிந்ததற்கு ஆதாரம் காட்டினால் பதிவு செய்யும் அதிகாரி அந்தக் குறிப்பை நீக்கலாம். இதற்குப் படிவம் 35. வண்டி உரிமையாளர், ஃபைனான்ஸ்காரர் இருவரும் கையெழுத்திட வேண்டும். விண்ணப்பம் போகாமல் குறிப்பு நீங்காது. கடன் தீர்ந்தது என்பது ஃபைனான்ஸ்காரரின் பேரேட்டில் நடக்கும் காரியம். ஆர்.டி.ஓ. ஆபீசின் பேரேடு வேறு. ஒன்றில் வரவு வைத்ததால் மற்றதில் தானாக வரவாகாது.

கடன் கொடுப்பவர் பக்கம்

அவர்கள் தரப்பையும் சொல்ல வேண்டும். நாமும் கடனுக்குச் சரக்குக் கொடுப்பவர்கள்தாம். கொடுத்த சரக்கு இரவோடு இரவாக ஊரை விட்டுப் போனால் நமக்கு எப்படி இருக்கும்? ஃபைனான்ஸ்காரரின் ஈடு நான்கு சக்கரத்தில் ஓடுவது. எனவே அவர் பல முடிச்சுப் போடுகிறார்.

டீலரின் பில்லிலேயே ஃபைனான்ஸ் பெயர் வருகிறது. ஆர்.சி.யில் குறிப்பு ஏறுகிறது. இன்சூரன்ஸ் பாலிசியில் அவர் பெயர் தனி ஒப்புக்குறிப்பாக ஏறுகிறது. வண்டி முழுதும் அழிந்தால் இழப்பீட்டில் அவர் பாக்கிதான் முதலில் கழியும். சிலர் மாற்றுச் சாவியும் வாங்கி வைக்கிறார்கள். தவணைக்கு வங்கி மூலம் தானாகப் பிடித்தம், அதற்கு மேல் காசோலைகள், அதற்கும் மேல் ஜாமீன்.

இதுவரை நியாயம். நியாயமில்லாத பழக்கம் ஒன்று உண்டு. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் ஒன்றும் எழுதாமல் கையெழுத்து வாங்கி வைப்பது. தவணை தவறினால் வண்டியை எடுத்து நேரே விற்றுவிட இது வசதி. சட்டத்தில் இதற்கு முறையான வழியே இருக்கிறது. தவணை தவறியதால் வண்டியைக் கையகப்படுத்திய ஃபைனான்ஸ்காரர், உரிமையாளர் ஆர்.சி.யைத் தர மறுத்தாலோ தலைமறைவானாலோ, படிவம் 36-இல் விண்ணப்பித்துத் தன் பெயரில் புதிய ஆர்.சி. கேட்கலாம். அதிகாரி உரிமையாளருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, அவர் சொல்வதைக் கேட்க வாய்ப்புக் கொடுத்த பிறகே அதைத் தர முடியும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் இந்த வாய்ப்பைத் தம் கையாலேயே கொடுத்துவிடுகிறார். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டோம் அல்லவா? இதுவும் அதுதான்.

டியூ தவறினால்

வியாபாரத்தில் ஏற்ற இறக்கம் உண்டு. இரண்டு தவணை தவறிப்போனால் பயந்து போனை எடுக்காமல் இருப்பது மிகப் பெரிய தவறு. நேரில் போய்ப் பேசி, பகுதித் தொகையாவது கட்டி, அவகாசத்தை எழுத்தில் வாங்க வேண்டும்.

வாடகைக் கொள்முதல் வண்டியை ஃபைனான்ஸ்காரர் ஒப்பந்தப்படி எடுத்துச் சென்றால் அது திருட்டாகாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் கூறியுள்ளது. அதற்காக ஆட்களை வைத்து அடித்துப் பிடுங்க அனுமதி இல்லை. கடனை வசூலிக்க அடியாட்களை வைப்பதை அதே நீதிமன்றம் 2007-இல் கடுமையாகக் கண்டித்தது. ரிசர்வ் வங்கியும் 2008 முதல் விதிகளை இறுக்கியது. வண்டியை எடுப்பதற்கு முன் எத்தனை நாள் அறிவிப்பு, எப்படி எடுப்பது, விற்பதற்கு முன் பாக்கியைக் கட்டக் கடைசி வாய்ப்பு, எப்படி விற்பது என்பவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பாக்கிக்காகக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது.

வண்டியை எடுத்துவிட்டால் மூன்று காரியம் செய்யுங்கள். வண்டியின் நிலையையும் அதில் இருந்த சரக்கையும் பட்டியலிட்டுக் கையெழுத்துக் கேளுங்கள். சரக்கு அவர் கடனுக்கு ஈடு அல்ல. மொத்தப் பாக்கி எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வண்டி விற்ற பிறகு கணக்குக் கேளுங்கள். பாக்கி போக மிஞ்சினால் அது நம் பணம், குறைந்தால் நம் கடன்.

கடன் முடிந்ததும் செய்ய வேண்டியவை

இதுதான் பாடத்தின் முக்கியப் பகுதி. ஒரு தாளில் எழுதிக் கடையில் ஒட்டி வைத்தாலும் தகும்.

1. கடைசித் தவணைக்கு ஒரு மாதம் முன்பே கணக்கு விவரம் கேட்டு வாங்குங்கள். தாமதக் கட்டணம், காசோலை திரும்பிய கட்டணம் என்று சில நூறு ரூபாய் மூலையில் நிற்கும். அந்தச் சில்லறை பாக்கிதான் பின்னால் சான்றுக்குத் தடையாகும். மறுப்பதானால் அப்போதே மறுத்து எழுதுங்கள். இல்லையென்றால் கட்டித் தீருங்கள். முன்கூட்டியே கடனை அடைப்பவர்கள் அதற்கான கட்டணம் ஒப்பந்தத்தில் என்ன என்று பார்க்கவும். 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்பட்ட சில்லறைக் கடன்களுக்கும் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் கடன்களுக்கும் 'முக்கிய விவரத் தாள்' கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வட்டி, கட்டணம் எல்லாம் அதில் இருக்கும்.

2. கடைசித் தவணை கட்டியதும் 'பாக்கி இல்லை' என்ற கடிதம், தடையில்லாச் சான்று, கையெழுத்தும் முத்திரையும் உள்ள படிவம் 35 ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். வண்டி எண், எஞ்சின் எண், சேஸிஸ் எண், உங்கள் பெயரின் எழுத்து, எல்லாம் ஆர்.சி.யோடு ஒத்திருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். ஓர் எண் மாறியிருந்தாலும் திரும்ப அலைய வேண்டும். பல நிறுவனங்களின் சான்றில் மூன்று மாதம் என்று கெடு அச்சிட்டிருக்கும். கெடுவைப் பார்த்து அதற்குள் காரியத்தை முடியுங்கள்.

3. கொடுத்து வைத்த மாற்றுச் சாவி, காசோலைகள், கையெழுத்திட்ட படிவங்கள் எல்லாவற்றையும் திருப்பி வாங்குங்கள். வங்கியில் தானாகப் பிடிக்கும் உத்தரவை ரத்து செய்யுங்கள்.

4. பரிவாகன் இணையதளத்தின் வாகன் பகுதியில் ஹைப்பாதிகேஷன் நீக்கத்துக்கு விண்ணப்பித்துக் கட்டணம் கட்டுங்கள். பழக்கமில்லாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லலாம். சில பெரிய நிறுவனங்கள் கடன் முடிந்ததை மின்வழியில் நேரடியாகவே ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கின்றன. தெரிவித்துவிட்டார்கள் என்று சும்மா இருக்க வேண்டாம். ஃபைனான்ஸ் பெயர் நீங்கிய ஆர்.சி. கைக்கு வந்த பிறகுதான் காரியம் முடிந்தது.

5. அந்த ஆர்.சி. நகலை இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கொடுத்துப் பாலிசியில் உள்ள ஃபைனான்ஸ் பெயரையும் நீக்குங்கள். விட்டுவிட்டால், விபத்து இழப்பீடு கேட்கும் நேரத்தில் பழைய ஃபைனான்ஸின் சான்றைக் கொண்டுவரச் சொல்வார்கள்.

6. இரண்டு மூன்று மாதம் கழித்துக் கடன் தகவல் நிறுவனங்களின் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு நிறுவனத்திடமும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசமாகப் பெறலாம். கடன் 'முடிந்தது' என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த கடனுக்குப் போகும்போது வங்கி மேலாளர் அதைத்தான் எடுத்து வைப்பார்.

7. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகத் தொழில் செய்பவர்களுக்கு இன்னொரு பேரேடும் உண்டு. வண்டியின் மேலான பொறுப்புரிமை கம்பெனிப் பதிவாளரிடமும் பதிவாகியிருந்தால், அதையும் தீர்வு செய்ய வேண்டும். ஆடிட்டரிடம் நினைவூட்டுங்கள்.

சான்று தர மறுத்தால்?

நம் கடன் முடிந்த பிறகும் சான்றை நிறுத்தி வைப்பதற்கு வழக்கமான காரணம் ஒன்று, நம் பேரில் வேறு கடன் இருப்பது; அல்லது நாம் மைத்துனருக்கோ பக்கத்துக் கடைக்காரருக்கோ ஜாமீன் போட்டிருப்பது. ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்காரரின் பொறுப்புக்குச் சமம் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. ஆனால் நிதி நிறுவனங்கள் அப்படி நிறுத்தி வைப்பதானால், எந்தப் பாக்கிக்காக, எந்த ஒப்பந்தப்படி என்று முழு விவரத்தோடு நமக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதிகள் சொல்கின்றன. வாய்மொழி மறுப்பை ஏற்க வேண்டாம்.

ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் ஓர் உத்தரவு போட்டது. தனிநபர் கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பிக் கொடுத்து, பதிவான பொறுப்புரிமையையும் நீக்க வேண்டும். தங்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறை. வீட்டு உபயோகக் காருக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் கவனிக்கவும்: தொழிலுக்கு ஓட்டும் வண்டிக் கடன் 'தனிநபர் கடன்' என்ற வரையறைக்குள் வராது. ஆகவே நம் சரக்கு வண்டிக்கு அந்த இழப்பீட்டை நம்பி உட்கார முடியாது. எழுதிக் கேட்பதுதான் நமக்கு வழி.

எழுதிக் கேட்டு 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். இது வங்கிகளுக்கும் பெரிய நிதி நிறுவனங்களுக்கும்தான். நான் கடன் வாங்கியது போன்ற உள்ளூர்ப் பங்குதாரர் ஃபைனான்ஸுக்கு இது பொருந்தாது. கால் சதவீத வட்டி குறைவு, தெரிந்த முகம் என்று அங்கே போகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

ஃபைனான்ஸ் மூடப்பட்டிருந்தால், பங்குதாரர் நிறுவனமானால் உயிரோடு இருக்கும் பங்குதாரரையும், கம்பெனியானால் அதை எடுத்துக்கொண்ட கம்பெனியையோ கலைப்பு அதிகாரியையோ தேட வேண்டும். யாரும் அகப்படாவிட்டால் கட்டியதற்கான ஆதாரங்களோடு ஆர்.டி.ஓ.வுக்கு மனுக் கொடுத்து, அதுவும் பலிக்காவிட்டால் நீதிமன்றம்தான். எந்த வழியில் போனாலும் கேட்கப்படுவது ஒன்றே: கட்டியதற்கு என்ன ஆதாரம்? ஆகவே பதிவு நீங்கும் வரை ஒரு ரசீதையும் எறியாதீர்கள்.

பழைய வண்டி வாங்குவோர், விற்போர் கவனத்துக்கு

நம் சங்க உறுப்பினர் ஒருவர், சில்லறை மளிகை வைத்திருப்பவர், 2019-இல் ஒரு பழைய சரக்கு வண்டி வாங்கினார். விற்றவர், "டியூ முடிந்துவிட்டது" என்று ஃபைனான்ஸின் தடையில்லாச் சான்றைக் காட்டினார். முழுப் பணமும் கொடுத்தாயிற்று. பெயர் மாற்றம் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்து ஒரு சந்தை நாள், அரிசிப் பை ஏற்றி நின்ற வண்டிக்கு முன்னால் ஃபைனான்ஸ் ஆட்கள் காகிதத்தோடு வந்து நின்றார்கள். ஏழு தவணை பாக்கி. சான்று போலி. லோடுமேனை வைத்துச் சரக்கை ரோட்டோரம் இறக்கிவிட்டு வண்டியைக் கொடுத்தார். விற்றவரைத் தேடிப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்ததுதான் மிச்சம். ஃபைனான்ஸுக்கு ஒரு போன் போட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஆகவே வாங்குவோர் ஆர்.சி.யை மட்டும் நம்பாமல், வாகன் பதிவில் ஃபைனான்ஸ் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விற்பவர் கையில் பணம் கொடுக்காதீர்கள். அவரையும் அழைத்துக்கொண்டு ஃபைனான்ஸ் ஆபீசுக்கே போய், பாக்கியை அங்கே கட்டி, ரசீதும் படிவமும் வாங்கிய பிறகு மீதியைக் கொடுங்கள். சேஸிஸ் எண்ணைக் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒப்பிடும் பழைய வழக்கத்தையும் விடாதீர்கள்.

விற்போருக்கு ஒரே வார்த்தை. படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு நம் பொறுப்பு தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். வண்டி பல கை மாறியிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் நிற்கிறதோ அவரே உரிமையாளர்; விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது விற்றவரின் கடமை. பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் தூங்குங்கள்.

முடிவாக

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு கடை கட்டுவதற்கு முன், உங்கள் பெயரிலும் வீட்டார் பெயரிலும் உள்ள எல்லா வண்டிகளின் ஆர்.சி.யையும் எடுத்துப் பாருங்கள். பையனின் மோட்டார் சைக்கிளையும் விடாதீர்கள். கடன் முடிந்த வண்டியில் ஃபைனான்ஸ் பெயர் நின்றால், நாளைக் காலையிலேயே அங்கே போங்கள். கம்பெனி இருக்கும்போது இது அரை நாள் வேலை. இல்லாதபோது ஐந்து மாதம். அதுவும் மனசாட்சியுள்ள ஒரு பெரியவர் திருப்பூரில் உயிரோடு இருந்ததால்.

அவர் கையெழுத்துப் போடும்போது மகனிடம் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: "அண்ணாச்சி கட்டியது நிஜம். ஃபாரத்தைக் கையில் கொடுத்து அனுப்பாதது எங்கள் தப்பு." தப்பு அவருடையது மட்டும் அல்ல. கேட்டு வாங்காமல் வந்தது என் தப்பு. பணம் கொடுக்கும்போது நோட்டைத் திருப்பி வாங்கத் தெரிந்த நாம், வண்டிக்கும் அதையே செய்வோம்.